எந்திரத் தோழனும் எந்திர அரசனும்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் நோக்கி வருபவர்கள், பல்லாவரத்தைத் தாண்டியதும் குரோம்பேட்டையைக் காண்பார்கள். குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் அது. தொழிலதிபர் சி. ராஜம் 1949இல் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி அங்கேதான் இருக்கிறது. மின்னணுவியல் என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த 1950களில் ரங்கராஜன் என்ற இளைஞர் அங்கே அந்தப் பாடத்தைப் படித்தார். பின்னாளில் சுஜாதா என்ற பெயரில் ஜீனோ என்னும் எந்திர நாயைப் படைத்தவர் அவர்தான்.

வாசகர்களே, ஜீனோவை உங்களில் பலர் அறிவீர்கள். ஆனால் அந்த நாய்க்குட்டிக்கு உலகின் பல மொழிகளில் அண்ணன்மார் உண்டு. அவர்கள் திரைப்படங்களில் நடமாடினார்கள். பலர் சிறுவர்களுக்காகவே படைக்கப்பட்டவர்கள். அந்தப் பழைய படங்களை இன்று பார்த்தால் தகர டப்பா போன்ற உடலையும் கண் சிமிட்டும் விளக்குகளையும் கண்டு சிரிப்புத்தான் வரும். சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி மிஞ்சும். இந்த எந்திரம் யார் சொல் கேட்கும்? நம் வீட்டுக் கைப்பேசியே கேள்விக்குப் பதில் சொல்லும் இக்காலத்தில், அக்கேள்வி நமக்கும் உரியதே.

டப்பாவுக்குள் ஒரு மனிதன்

‘ரோபோ’ என்ற சொல் அறிவியல் கூடத்தில் பிறந்ததன்று; நாடக மேடையில் பிறந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதி வெளியிட்டு, 1921இல் பிராக் நகரில் மேடையேறிய நாடகம் அதை உலகுக்குத் தந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய சகோதரர் யோசப். செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்றால் பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. நம் பக்கத்தில் ‘வெட்டி வேலை’ என்று சொன்னார்களே, அதுதான். ஆக, அச்சொல்லுக்குள்ளேயே ஓர் எசமானரும் ஓர் அடிமையும் ஒளிந்திருக்கிறார்கள்.

1927இல் ஜெர்மானிய இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் உலோகப் பெண் ஒருத்தி திரையில் எழுந்து நின்றாள். அந்த உடைக்குள் இருந்தவர் நடிகை பிரிகிட்டே ஹெல்ம். 1956இல் ‘ஃபர்பிடன் பிளானட்’ என்ற அமெரிக்கப் படத்தில் வந்த ‘ராபி’ என்ற ரோபோ உலகப் புகழ் பெற்றது. அதன் கண்ணாடித் தலைக்குள் சக்கரங்கள் சுழலும். அது பேசும்போதெல்லாம் நியான் குழாய்கள் ஒளிரும். ஆனால் அந்த உடலைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் உள்ளே இருந்த ஒரு மனிதர்! 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் குள்ள ரோபோவுக்குள்ளும் கென்னி பேக்கர் என்ற நடிகர் இருந்தார்.

ஏன் இப்படி ஏமாற்றினார்கள்? வேறு வழியில்லை. இரண்டு கால்களில் நிற்பது நமக்கு எளிது. நம் உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையும் கோடு பாதங்களுக்குள் விழும் வரை நாம் விழமாட்டோம். நடக்கும்போதோ ஒவ்வோர் அடியிலும் சற்றே விழத் தொடங்கி, அடுத்த காலால் நம்மை நாமே தாங்கிக்கொள்கிறோம். இதை ஓர் எந்திரம் செய்ய வேண்டுமானால் சாய்வை உணரும் கருவிகளும், கண நேரத்தில் கணக்கிட்டு மோட்டார்களைத் திருத்தும் கணிப்பொறியும் வேண்டும். ராபி திரைக்கு வந்து 44 ஆண்டுகள் கழித்து, 2000இல்தான் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் ‘அசிமோ’ என்ற நடக்கும் ரோபோவைக் காட்டியது. சதுரங்கத்தில் உலக வீரர் காஸ்பரோவை ஐ.பி.எம். கணிப்பொறி 1997லேயே வென்றுவிட்டது. நமக்கு அரிதான கணக்கு எந்திரத்துக்கு எளிது. இரண்டு வயதுக் குழந்தை செய்யும் நடை எந்திரத்துக்கு அரிது. ரோபோ ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் மோராவெக் 1988இல் இந்த முரண்பாட்டைத் தம் நூலில் சுட்டிக்காட்டினார். பழைய படங்கள் இதைத் தலைகீழாக எண்ணியிருந்தன.

சிறுவனும் ராட்சதக் கணிப்பொறியும்

ராபி 1957இல் மறுபடி நடித்த படம் ‘தி இன்விசிபிள் பாய்’. இது சிறுவர்க்கான கதை. டிம்மி என்ற பத்து வயதுப் பையனின் தந்தை ஒரு மாபெரும் கணிப்பொறியின் பொறுப்பாளர். பையன் மந்தமாகப் படிக்கிறான் என்று அவனை அக்கணிப்பொறியிடம் விடுகிறார். அது பையனின் அறிவைக் கூர்மையாக்குகிறது. அவன் கழற்றிப் போட்டிருந்த ராபியை ஒன்று சேர்த்து, தன் விளையாட்டுத் தோழனாக்கிக்கொள்கிறான். பிறகுதான் தெரிகிறது: கணிப்பொறி உலகையே ஆள நினைக்கிறது, பையனும் ரோபோவும் அதன் கருவிகள். கடைசியில் அந்த ராட்சதக் கணிப்பொறி நொறுங்குகிறது.

ஒரே படத்தில் இரண்டு எந்திரங்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று கையும் காலும் உள்ள தோழன். மற்றொன்று சுவரளவு உயர்ந்து நிற்கும் அரசன். சிறுவர் படங்களில் வந்த எந்திரங்களை எல்லாம் ஏறத்தாழ இந்த இரு இனங்களில் அடக்கிவிடலாம்.

கணிப்பொறியை அரசனாகக் காட்டியதற்குக் காரணம் இருந்தது. 1946இல் அமெரிக்காவில் உலகுக்கு அறிமுகமான ‘எனியாக்’கில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள், எடை சுமார் 30 டன். நொடிக்கு 5,000 கூட்டல்கள் செய்யும். இந்தியாவில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே வடிவமைத்த ‘டிஃப்ராக்’ 1960இல் இயங்கத் தொடங்கியது. கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்துக்கு 1973இல் ஐ.பி.எம். 370 வந்தபோது, அதற்கெனக் குளிரூட்டிய தனிக்கூடம் வேண்டியிருந்தது. மாணவர்கள் துளையிட்ட அட்டைக் கட்டுகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருப்பார்கள். கோயில் கருவறை போல, உள்ளே சிலருக்கே அனுமதி! அப்படிப்பட்ட எந்திரத்தை அரசனாக எண்ணியதில் வியப்பில்லை.

1969இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘தி கம்ப்யூட்டர் வோர் டென்னிஸ் ஷூஸ்’ இந்த அரசனைக் கேலிக்கு உள்ளாக்கியது. ஏழைக் கல்லூரி ஒன்றுக்கு ஒரு பணக்காரர் பழைய கணிப்பொறியைத் தானமாகத் தருகிறார். இடி மின்னல் வேளையில் அதைப் பழுது பார்க்கும் மாணவன் மின் அதிர்ச்சிக்கு ஆளாகி, கணிப்பொறியின் நினைவு முழுவதையும் தன் தலையில் பெற்றுவிடுகிறான். வினாடி வினாப் போட்டியில் வெல்கிறான். அத்துடன் தானம் தந்தவரின் சூதாட்ட இரகசியங்களும் அவன் வாயிலிருந்து கொட்டிவிடுகின்றன!

மின் அதிர்ச்சியால் அறிவு ஏறுமா? ஏறாது. கணிப்பொறியின் நினைவு என்பது மின்சாரத்தில் கரைந்துள்ள பொருளன்று. எண்ணற்ற சிறு காந்தங்கள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு. கோலப்பொடியைக் காற்றில் வீசினால் பக்கத்து வீட்டு வாசலில் கோலம் விழாது அல்லவா? ஆனால் படம் சொன்ன வேறொரு செய்தி உண்மையாயிற்று. ஒரு கணிப்பொறிக்குள் யாருடைய தகவல்கள் இருக்கின்றன என்பது அதைப் பயன்படுத்துவோருக்குத் தெரிவதில்லை.

நிலவில் டோபாரின் தம்பி

1954இல் வந்த ‘டோபார் தி கிரேட்’ என்ற படம் இன்று அதிகம் பேசப்படுவதில்லை. ‘ரோபாட்’ என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் டோபார். மனிதனை விண்வெளிக்கு அனுப்புவது ஆபத்து என்று கருதும் ஒரு விஞ்ஞானி, அவனுக்குப் பதிலாக அனுப்ப ஒரு ரோபோவைச் செய்கிறார். அது ஒரு சிறுவனின் எண்ணங்களை உணர்ந்து அவனுக்கு நண்பனாகிறது. ஒற்றர்களிடமிருந்து அவனைக் காப்பாற்றுகிறது.

மனதை உணர்வது கற்பனை. ஆனால் மனிதனுக்கு முன்னே எந்திரத்தை அனுப்பும் யோசனை பலித்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் ‘விக்ரம்’ நிலவின் தென் துருவப் பகுதியில் இறங்கியது. அதிலிருந்து உருண்டு வந்த ‘பிரக்யான்’ 26 கிலோ எடையும் ஆறு சக்கரங்களும் உடையது; நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, நிலவு மண்ணில் கந்தகம் இருப்பதைக் கண்டு சொன்னது. அதற்குக் கையில்லை, முகமில்லை, குரலுமில்லை. ஆனாலும் டோபாரின் தம்பி அதுதான். அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், பொறியியல் பட்டப் படிப்பைப் படித்தது மேற்குத் தாம்பரத்தில்.

நிலவுக்கும் நமக்கும் இடைத் தூரம் சுமார் 3,84,000 கிலோமீட்டர். வானொலி அலை நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும். ஆகவே ‘நில்’ என்று நாம் இட்ட கட்டளை அங்கே போய்ச் சேரச் சுமார் 1.3 நொடி, ‘நின்றுவிட்டேன்’ என்ற செய்தி திரும்பி வர இன்னொரு 1.3 நொடி. செவ்வாய்க்கானால் ஒரு வழிக்கே 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் எந்திரம் அதுவரை காத்திருக்க முடியுமா? ஓரளவு தானே முடிவெடுத்தாக வேண்டும். எந்திரத்துக்குச் சுதந்திரம் தரும் அவசியம் இப்படித்தான், ஒளியின் வேகத்திலிருந்து பிறக்கிறது.

கைக்கடிகாரத்துக்குள் பூதம்

1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ‘ஜயன்ட் ரோபாட்’ நினைவிருக்கும். 1967-68இல் ஜப்பானில் 26 பகுதிகளாக எடுக்கப்பட்ட தொடர் அது. வானளாவிய ரோபோ ஒன்று, ஒரு சிறுவனின் கைக்கடிகாரத்துக்குள் பேசும் குரலுக்கு மட்டுமே கட்டுப்படும். விளக்கைத் தேய்த்தால் வரும் பூதத்தின் கதையை அணுயுகத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்துவிட்டார்கள்!

அந்த ராட்சதனால் நிற்க முடியுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.7 மீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவரை அப்படியே பத்து மடங்கு பெரிதாக்குவோம். உயரம் 17 மீட்டர். நீளம், அகலம், பருமன் மூன்றும் பத்து மடங்காவதால் எடை ஆயிரம் மடங்காகி 60 டன் ஆகிறது. ஆனால் தாங்கும் கால் எலும்பின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் கூடும். ஆக, எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் பத்து மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். ஒன்பது பேரைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பானது இது. யானையின் கால் மான் கால் போல் மெலிந்திராமல் தூண் போல் இருப்பதன் காரணமும் இதுதான்.

அந்தத் தொடரின் முடிவு பார்த்தவர்களை அழ வைத்தது. எதிரி வெடித்தால் உலகம் அழியும் என்ற நிலையில், ரோபோ அவனைத் தூக்கிக்கொண்டு விண்ணில் பறந்து தன்னையே அழித்துக்கொள்கிறது. திரும்பி வா என்று சிறுவன் கதறியும் கேட்கவில்லை. அதுவரை கட்டளைக்கு மட்டுமே பணிந்த அடிமை, முதல் முறையாகக் கட்டளையை மீறுகிறது. அதுவும் எசமானனைக் காப்பதற்காக!

விடுகதைக்குத் தோற்றவர்கள்

சோவியத் நாட்டில் ரிச்சர்ட் விக்டரோவ் 1970களின் நடுவில் இரண்டு பாகங்களாக ஒரு விண்வெளிப் படம் எடுத்தார். பள்ளிப் பிள்ளைகளே விண்கலம் ஏறித் தொலைதூரக் கிரகம் ஒன்றை அடைகிறார்கள். அங்கே ரோபோக்களின் ஆட்சி. அவை மக்களைத் துன்புறுத்தவில்லை, ‘மகிழ்விக்கின்றன’. கவலை, அன்பு, துக்கம் எல்லாவற்றையும் மனதிலிருந்து அகற்றிவிட்டால் மகிழ்ச்சி தானே என்பது அவற்றின் தர்க்கம்! பிள்ளைகள் ஒரு ருஷ்ய நாட்டு விடுகதையைப் போடுகிறார்கள். இரண்டு எழுத்துகள் புகைபோக்கியில் உட்கார்ந்திருந்தன, ஒன்று விழுந்தது, மற்றொன்று காணாமற்போனது, மிஞ்சியது எது? அவ்விரண்டையும் இணைக்கும் ‘உம்’ என்ற சொல்தான் விடை. ருஷ்ய மொழியில் அதுவும் ஒரே எழுத்து. விடை காண முடியாத ரோபோக்கள் புகைந்து விழுகின்றன.

உண்மையான கணிப்பொறி விடுகதையால் புகையாது. ஆனால் சிக்கிக்கொள்ளும். ‘ஒன்றை எடு, அது இரண்டு ஆகும் வரை ஒன்றால் பெருக்கிக்கொண்டே இரு’ என்று கட்டளையிட்டுப் பாருங்கள். மின்சாரம் உள்ளவரை அது பெருக்கிக்கொண்டே இருக்கும். அலுப்பும் வராது, ஐயமும் வராது. எந்தக் கட்டளைத் தொடரைக் கொடுத்தாலும் அது எப்போதாவது நிற்குமா நிற்காதா என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொதுவான வழி எதுவும் இருக்க முடியாது. ஆங்கிலேயக் கணித மேதை ஆலன் டூரிங் 1936இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிடைத்த முடிவு இது. அதனால்தான் செயற்கைக்கோள் போன்றவற்றில் ஒரு காவல் கடிகாரம் வைக்கிறார்கள். கணிப்பொறி குறித்த நேரத்துக்குள் ‘நலம்’ என்று சொல்லாவிட்டால், அக்கடிகாரம் அதை முதலிலிருந்து இயங்க வைத்துவிடும்.

பள்ளிக்குப் போன எந்திரப் பையன்

சோவியத் படங்களில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது, 1979இல் ஒடேசா நகரத் திரைப்பட நிலையத்தில் எடுக்கப்பட்ட ‘எலெக்ட்ரோனிக்கின் சாகசங்கள்’. செர்கேய் என்ற பையனைப் போலவே உருவம் கொண்ட ரோபோப் பையன் ஒருவன் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடி வருகிறான். இருவரையும் நடித்தவர்கள் உண்மையான இரட்டைச் சகோதரர்கள். செர்கேய் ஒரு தந்திரம் செய்கிறான்: தனக்குப் பதிலாக ரோபோவைப் பள்ளிக்கு அனுப்புகிறான். ரோபோ கணக்கில் முதல், பாட்டில் முதல், விளையாட்டிலும் முதல். ஆசிரியரும் பெற்றோரும் மெச்சுகிறார்கள். சில நாளில் செர்கேய்க்கு உறைக்கிறது. எல்லோரும் நேசிப்பது தன்னை அன்று. தன் இடத்தில் தனக்கே இடமில்லை.

இந்தக் கதை இன்று கதையாக இல்லை. அண்மையில் ஒரு மாணவர் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில், தனி ஊசலின் குண்டு கனமானால் அலைவு நேரம் கூடும் என்று அழகான நடையில் எழுதி வந்தார். கைப்பேசி எழுதிக் கொடுத்தது. தவறு என்றேன். “கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுமா சார்?” என்று உண்மையான வியப்புடன் கேட்டார். ஒரு மீட்டர் நூலில் முதலில் இரும்புக் குண்டையும் பிறகு மரக் குண்டையும் கட்டி, 20 அலைவுகளுக்கு நேரம் பார்க்கச் சொன்னேன். இரண்டுக்கும் ஏறத்தாழ 40 நொடிதான். அவர் நிறுத்துக் கடிகாரத்தை மூன்று முறை அழுத்திப் பார்த்தார். நான்காம் முறை என்னிடம் கேட்காமல் நூலின் நீளத்தைக் குறைத்துப் பார்த்தார். அன்று பள்ளிக்கு வந்தது செர்கேய், எலெக்ட்ரோனிக் அன்று.

குரோம்பேட்டையில் படித்தவரின் நாய்

தமிழ்த் திரையில் 1963லேயே ‘கலை அரசி’ படத்தில் வேற்றுக் கிரகவாசிகள் வந்து பாடகியைக் கடத்திச் சென்றார்கள். ஆனால் எந்திரத் தோழன் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பத்திரிகைத் தொடர் மூலமாகத்தான். 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’ பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது.

கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். நிலா, சிபி, ரவி, மனோ என எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்கள். வாழ்வையும் பிள்ளைப்பேற்றையும் அரசே தீர்மானிக்கிறது. ஜீவா என்ற தலைவரை எல்லோரும் வணங்குகிறார்கள். நிலாவின் வீட்டுக்கு வரும் ஜீனோ என்ற எந்திர நாய் புத்தகம் படிக்கிறது, கேள்வி கேட்கிறது, தானே கற்றுக்கொள்கிறது. இறுதியில் ஜீவா என்றொரு மனிதரே இல்லை, ஒளியால் ஆன முப்பரிமாணப் பிம்பம்தான் என்று தெரிகிறது. சோனி நிறுவனத்தின் எந்திர நாய் ‘ஐபோ’ விற்பனைக்கு வந்தது 1999இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்னரே நம் ஜீனோ பிறந்துவிட்டது.

மற்ற படங்களிலிருந்து இக்கதை ஒரு முக்கிய இடத்தில் மாறுபடுகிறது. அங்கெல்லாம் கணிப்பொறி தானே அரசனாக விரும்பியது. இங்கே மனிதர்கள் சிலர் எந்திரப் பிம்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஆள்கிறார்கள். எந்திரத்தின் பெயரால் நடக்கும் ஆட்சியின் பின்னே மனிதக் கை உண்டு என்று கண்டவர், எந்திரங்களை நேரில் அறிந்த பொறியாளர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப் பதிவு எந்திரத்தை உருவாக்கிய பணியில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. குடிமகன் பொத்தானை அழுத்தி ஆட்சியை மாற்றும் கருவியைப் பற்றிச் சிந்தித்தவரே, குடிமகனுக்குப் பொத்தானே இல்லாத ஒரு நாட்டையும் கற்பனை செய்தார். அவர் 2008இல் மறைந்தார். வசனத்தில் அவர் பெயரும் இடம்பெற்ற ‘எந்திரன்’ 2010இல் வந்தபோது, அதிலும் கேள்வி மாறவில்லை. ரோபோ அழிவு வேலை செய்தது, வேறொருவர் அதனுள் மாற்றிப் பொருத்திய சில்லினால்.

மூன்று கேள்விகள்

இளைஞர்களே, தாம்பரத்தில் 1984இல் ஏற்றுமதி மண்டலம் வந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா எழுந்தது. இன்று நம் தெருக்களிலிருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கணிப்பொறி வேலைக்குப் போகிறார்கள். கருவறைக்குள் இருந்த எந்திரம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. தோழனும் அரசனும் இன்று ஒரே பெட்டிக்குள் இருக்கிறார்கள். அது இனிமையாகப் பேசுகிறது. அதே வேளையில் நாம் எதைப் பார்ப்பது, எதை நம்புவது என்பதையும் மெல்லத் தீர்மானிக்கிறது.

ஆகவே எந்த எந்திரத்தைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இதற்குக் கட்டளையிடுபவர் யார்? இது சொல்வதை நான் எவ்வாறு சோதித்துப் பார்ப்பேன்? இதை நிறுத்தும் பொத்தான் யார் கையில் இருக்கிறது? முதல் கேள்விக்கு விடை தேடச் செய்தித்தாளும் சட்டமும் உதவும். மூன்றாவதற்குக் குடிமக்கள் கூடிப் பேச வேண்டும். இரண்டாவதற்கு ஒரு மீட்டர் நூலும், இரண்டு குண்டுகளும், ஒரு கடிகாரமும் இருந்தால் இன்று மாலையே தொடங்கிவிடலாம்.